செட்டைக் கழற்றக் கம்பி போதுமா, சாவிதான் வேண்டுமா?

நாலுதுளை:
என் காரில் கம்பெனியிலிருந்தே வந்த பழைய சிடி செட் இருக்கிறது. வலதுபக்க முன் ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிடும். செட்டின் ஓரத்தை விரலால் அழுத்தினால் மறுபடி பாடும். பின்னால் ஏதோ லூஸ் கான்டாக்ட் என்று நினைக்கிறேன். கழற்றிப் பார்க்கலாம் என்றால் வெளியே ஒரு ஸ்க்ரூகூடத் தெரியவில்லை. முகப்பின் இரண்டு ஓரங்களிலும் மேலும் கீழுமாக இரண்டிரண்டு சின்ன வட்டத் துளைகள், மொத்தம் நான்கு. லாடம் போல வளைந்த ஒரு ஜோடி சாவி இதற்கென்றே உண்டாம், என்னிடம் இல்லை. ஹேங்கர் கம்பியை வளைத்துச் செய்துகொண்டால் வேலை ஆகுமா? செட் நல்ல செட், தூக்கிப் போடப் போவதில்லை. அதனால் கீறலோ உடைசலோ இல்லாமல் வெளியே வர வேண்டும்.

கம்பிவளை:
தாராளமாக ஆகும். மூன்று கார்களில் நான் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். செட் ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பழைய செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டின் என்ற ஜெர்மன் அளவாக ஆரம்பித்து, ஐஎஸ்ஓ 7736 என்று பொது அளவாகிவிட்டது. செட்டின் இரண்டு விலாவிலும் ஸ்பிரிங் தகடு உண்டு. அதன் நாக்கு கூட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். துளை வழியே போகும் கம்பி அந்த நாக்கை விலக்குகிறது. சாவியின் வேலை அவ்வளவுதான். பழைய ஃபோர்டு செட்டுகளில் இந்த நாலு துளை அமைப்பைப் பரவலாகப் பார்க்கலாம்.

ஆனால் ஹேங்கர் கம்பி கொஞ்சம் மெத்து. உள்ளே போய் வளைந்துகொள்ளும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி எடுங்கள், 2 மில்லிமீட்டர் கனம், நல்ல விறைப்பு. ஒரு பக்கத்து இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதே இடைவெளியில் குறடால் வளையுங்கள். கால் ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும், பிடித்து இழுக்க இடம் வேண்டும். முனைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள், கூராக இருக்கவே கூடாது. இரண்டு பக்கமும் நேராகச் செருகினால் 4 சென்டிமீட்டர் போனதும் ‘டிக்’ என்று கையில் தெரியும். பிறகு கம்பிகளை இடமும் வலமுமாக வெளிப்பக்கம் விரித்தபடியே உங்களை நோக்கி இழுங்கள்.

பட்டறைமேசை:
கம்பிவளை சார் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதிதான் என் மேசைக்கு வருது. பல வருஷமா செட் கழட்டி மாட்டுறதுதான் என் வேலை. வீட்ல கம்பி விட்டுக் குடைஞ்சு, முடியாம கொண்டுவர்ற செட்ட பார்த்தாலே தெரியும். துளையைச் சுத்தி வெள்ளை வெள்ளையா கீறல், நாக்கு உள்பக்கமா மடங்கியிருக்கும், கூடு நெளிஞ்சிருக்கும்.

சாவிய வெறும் வளைச்ச கம்பின்னு நினைக்கிறதுதான் தப்பு. அதோட முனை பக்கத்துல ஒரு பள்ளம் வெட்டியிருப்பாங்க. ஸ்பிரிங் அந்தப் பள்ளத்துல வந்து உட்காரும். அதனால சாவி பூட்டையும் திறக்குது, செட்டையும் பிடிச்சுக்குது. உங்க ஸ்போக்ஸ் கம்பி வழவழன்னு இருக்கு. திறக்கும், பிடிக்காது. விரிச்சு இழுங்கன்னு நீங்க சொல்றதே அந்தப் பிடிப்பு இல்லாததாலதான். அப்படி விரிக்கும்போது பாரம் முழுக்க முகப்பு பிளாஸ்டிக் துளையோட விளிம்புல விழுது. நாலுதுளை கீறல் வரக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டார். அவருக்குச் சாவிதான் சரி.

கம்பிவளை:
முனைப் பள்ளம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதையும் நாமே வெட்டலாமே? முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி முக்கோண அரத்தால் நாலு இழுப்பு. சாவி என்பது யாரோ ஒருவர் எஃகுக் கம்பியை வளைத்து வெட்டியதுதான். அதையே பொறுமையாக நாம் செய்தால் ஏன் வேறு பொருளாகிவிடும்? விளிம்பு நசுங்காமலிருக்க முகப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

பட்டறைமேசை:
எந்த இடத்துல, எவ்வளவு ஆழத்துல பள்ளம் வெட்டுவீங்க? ஸ்பிரிங்க கண்ணால பார்க்காம அளவு தெரியாது, செட் வெளிய வராம ஸ்பிரிங்க பார்க்க முடியாது. டேப்பு கீறலைத் தடுக்கும், பிளாஸ்டிக் நசுங்குறதத் தடுக்காது.

பழையவண்டி:
என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் கம்பிவளை பக்கம். இருபது வருஷ வண்டியை இரண்டாவது மூன்றாவது கையாக வாங்குகிறவனுக்கு ஒரிஜினல் சாவி எங்கே கிடைக்கும்? போன உரிமையாளர் தந்திருக்க மாட்டார், மேனுவலே வந்திருக்காது. என் செட்டில் வட்டத் துளை இல்லை, நாலு மெல்லிய பிளவுதான் இருந்தது. பழைய ஹேக்சா பிளேடை நீளவாக்கில் குறுக்கித் தேய்த்து, முனையைச் சாய்வாக வெட்டி நாலு தகடு செய்தேன். நாலையும் செருகி இழுத்தேன், அழகாக வந்தது. தன் பொருளைத் தானே திறந்து பார்க்கிற உரிமையை ஒரு ஜோடிக் கம்பி இல்லை என்பதற்காக விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.

பட்டறைமேசை:
உரிமைய யாரும் மறுக்கலீங்க. ஆனா ஹேக்சா பிளேடு மட்டும் வேண்டவே வேண்டாம். பிளவு வச்ச செட்டு ஃபோக்ஸ்வேகன் மாதிரி வண்டிகள்ல வரும், அதோட சாவி தட்டைத் தகடு. அதுல ஒரு ஓரத்துல வெட்டு இருக்கும். எந்தப் பக்கம் பார்த்து விடணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒருமுறை டிக்குன்னு மாட்டிட்டா திரும்ப உருவ முடியாது. செட்டு வெளிய வந்த அப்புறம் பக்கவாட்டுல ஸ்பிரிங்க அமுக்கினாத்தான் சாவி வரும். அது தெரியாம ஒருத்தர் பிளேடை விட்டுட்டு, வெளிய வரலைன்னு திருகியிருக்கார். பிளேடு கடினமான எஃகு. இழுவைய தாங்கும், திருகினா பட்டுன்னு உடையும். உடைஞ்ச துண்டு மேல இருந்த காத்தோட்டத் துளை வழியா செட்டுக்குள்ள விழுந்திருக்கு. அவர் செட்ட ஆன் பண்ணதும் ஆம்ப்ளிஃபயர் ஐசி போச்சு. என்கிட்ட வந்தப்ப மூடியைத் திறந்து கவுத்தேன், அந்த ரெண்டு பல்லு நீளத் துண்டு மேசையில விழுந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. நல்ல செட்டு அது.

பழையவண்டி:
திருகக் கூடாது என்பது சரி. பிளேடு உடையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் செய்தபோது அது என் மனதில் தோன்றவே இல்லை. சின்ன இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு வளைந்துகொடுக்கும், எளிதில் உடையாது. அதை முயன்றிருக்கலாம்.

பன்னிரண்டுவோல்ட்:
கம்பியா சாவியா என்று இவ்வளவு பேசிவிட்டீர்கள், பேட்டரியைப் பற்றி ஒரு வரி இல்லை. சாவியாக இருந்தாலும் சரி, கம்பியாக இருந்தாலும் சரி, நீங்கள் உள்ளே விடுவது உலோகம். செட்டின் பின்னால் வண்டிச் சாவியை அணைத்தாலும் அணையாத 12 வோல்ட் வயர் ஒன்று எப்போதும் உயிரோடு இருக்கும், கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதனால்தான் அழியாமல் நிற்கின்றன. ஐஎஸ்ஓ கப்ளர், அதாவது பொது அளவு வயர் இணைப்பு, உள்ள செட்டில் பொதுவாக ஏ பகுதியின் 4-ஆம் பின் அதுதான், 7-ஆம் பின் வண்டிச் சாவி போட்டால் வருவது, 8 எர்த். சில வண்டிகளில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும். அதனால் வேறு செட் மாட்டுகிறவர்கள் மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருக வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக். அதைத் தொடாதீர்கள், மற்ற வேலைக்கும் டெர்மினலைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுப் பிறகே கை வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. நாலுதுளை அவர்களே, உங்கள் செட்டுக்குக் கோடு நம்பர் இருக்கிறதா? அந்தக் காலத்துச் செட்டுகளில் பல, மின்சாரம் ஒருமுறை போனால் திருட்டுப் பொருள் என்று நினைத்துக்கொண்டு கோடு கேட்கும். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் பூட்டிக்கொண்டு நேரம் கடத்தும்.

நாலுதுளை:
கோடு நம்பரா! அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அப்படியானால் பேட்டரியைக் கழற்றாமலே செட்டை எடுத்துவிட்டால் தப்பிக்கலாமா?

பன்னிரண்டுவோல்ட்:
முடியாது. கப்ளரை உருவினாலே அந்த 12 வோல்ட் போய்விடும், பலன் ஒன்றுதான். முதலில் மேனுவல் உறையையும் அதற்குள் இருக்கும் சின்ன அட்டைகளையும் தேடுங்கள். கிளவ் பாக்ஸ் உள்பக்கத்தையும் பாருங்கள், சிலர் ஸ்டிக்கராக ஒட்டிவைத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால் செட்டின் விலாவில் இருக்கும் லேபிளில் சீரியல் நம்பர் உண்டு. அதையும் வண்டியின் ஆவணத்தையும் காட்டினால் டீலர் கோடு எடுத்துக் கொடுப்பார். சிக்கல் என்னவென்றால், அந்த லேபிளைப் படிக்கச் செட் வெளியே வந்தாக வேண்டும்.

சந்தேகி:
இதையெல்லாம் இப்படி வெளிப்படையாக எழுதலாமா? திருடனுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது.

பட்டறைமேசை:
அந்தக் கவலை நியாயம்தான். ஆனா ஒரே சாவி ஆயிரக்கணக்கான செட்டுக்குப் பொருந்தும், அது பூட்டுக்காக வச்சதில்ல, சர்வீஸுக்காக வச்சது. திருடன் சாவி தேடிக்கிட்டு நிக்க மாட்டான். அவனைத் தடுக்கத்தான் கோடு நம்பர்.

கம்பிவளை:
இதில் பட்டறைமேசையும் நானும் ஒரே பக்கம்.

புதுவண்டி:
என் காரில் பெரிய திரை, துளையே இல்லை. இந்தக் கம்பி வித்தை எதுவும் எனக்கு ஆகாதா?

பட்டறைமேசை:
ஆகாது. உங்க வண்டியில சுத்தியிருக்கிற டிரிம் பேனல் கிளிப்புல நிக்கும். அதை எடுத்தா பின்னாடி நாலு போல்ட் இருக்கும், ஜப்பான் வண்டியில பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர். ஆச்சரியமா இருக்கும், இந்த இடத்துல வீட்டுச் சாமானை நானே சிபாரிசு பண்ணுவேன். திருப்புளிய விட்டு நெம்பாதீங்க, பேனல்ல பள்ளம் விழுந்துடும். தேய்ச்சுச் சாய்வாக்கின மரக் குச்சியோ பழைய பிளாஸ்டிக் கார்டோ போதும், பேனலைவிட மெத்தா இருக்கணும், அதுதான் முக்கியம். குளிர்ல செய்யாதீங்க, கிளிப்பு உடையும். வண்டி கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கட்டும்.

பன்னிரண்டுவோல்ட்:
இன்னொன்று. புது வண்டியில் செட் தனி ஆள் இல்லை. வண்டியின் கருவிகளை இணைக்கும் கேன் என்ற நெட்வொர்க்கில் ஏசியோடும் கேமராவோடும் பேசிக்கொண்டிருக்கும். 2001-க்குப் பிறகு வந்த விலை உயர்ந்த ஜெர்மன் கார்கள் சிலவற்றில் மோஸ்ட் என்ற ஒளியிழை வளையம் உண்டு. நடுவே ஒரு பெட்டியை உருவினால் வளையம் அறுந்து மற்றவையும் மௌனமாகும். அந்த இழையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது.

நாலுதுளை:
கோடு அட்டை மேனுவல் உறையில் கிடைத்துவிட்டது! இன்று காலை ஸ்போக்ஸ் கம்பியில் செய்து பார்த்தேன், பள்ளம் வெட்டவில்லை. டெர்மினல் கழற்றி, டேப் ஒட்டி, இரண்டு பக்கமும் செருகினேன். வலது பக்கம் டிக் என்று கேட்டது, அந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது. இடது அசையவே இல்லை. செட் கோணலாக நிற்கிறது. இன்னும் பலமாக இழுக்கலாமா?

பட்டறைமேசை:
கையை எடுங்க! கோணலா இழுத்தா இடது நாக்கு கூட்டை இன்னும் கவ்விக்கும். அதுமேல பாரம் இருக்கிற வரைக்கும் எந்தக் கம்பியும் அதை நகர்த்தாது. கம்பி ரெண்டையும் உருவிடுங்க. செட்ட உள்ளங்கையால மெதுவா தள்ளி, பழைய இடத்துக்கே கொண்டுபோங்க. கொஞ்சம் கூடுதலாவே உள்ள அமுக்கிப் பிடிங்க, நாக்கு தளரும். அப்படி அமுக்கினபடியே இடது கம்பியை மட்டும் விடுங்க, நேரா, சாய்க்காம. டிக் வந்த பிறகு வலது. ரெண்டும் மாட்டின பிறகுதான் ஒரே சமயத்துல இழுக்கணும்.

கம்பிவளை:
இடது கம்பியின் இரண்டு கால்களும் ஒரே நீளமா என்றும் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் மேல் நாக்கு விலகும், கீழ் நாக்கு விலகாது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நாலுதுளை:
குட்டைதான்! ஒரு கால் 5 மில்லிமீட்டர் குறைவு. நீளமானதை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, பட்டறைமேசை அண்ணன் சொன்னபடி அமுக்கிப் பிடித்துச் செருகினேன். டிக். செட் கையோடு வந்தது. அரை அடிகூட வரவில்லை, ஆன்டெனா வயர் இழுத்துப் பிடித்தது, நல்லவேளை மெதுவாக இழுத்தேன். ஸ்பீக்கர் கப்ளரில் ஒரு பின் பாசி பிடித்தாற்போல் பச்சையாக இருந்தது, அந்தப் பின்னைப் பிடிக்கும் எதிர்ப்பக்கக் கவ்வும் விரிந்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, கவ்வை ஊசிமுனையால் லேசாக நெருக்கினேன். இடது கீழ்த் துளையின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன நசுங்கல் தெரிகிறது.

பட்டறைமேசை:
அந்த நசுங்கலைத்தான் நான் சொன்னேன், தம்பி. சாவியா இருந்தா அது வந்திருக்காது. ஆனா நிறுத்துன்னா நிறுத்தினீங்க பாருங்க, அதனாலதான் செட்டு உங்க கையில முழுசா இருக்கு. திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி விலாவுல ஸ்பிரிங் நாக்கைக் கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, துள்ளி வெளிய வரணும். லேபிள்ல இருக்கிற சீரியல் நம்பரை எழுதி வச்சுக்கோங்க. கப்ளர், ஆன்டெனா மாட்டி, பேட்டரி போட்டு, கோடு கொடுத்து, பேலன்ஸையும் ஃபேடரையும் திருப்பி நாலு ஸ்பீக்கரும் தனித்தனியா பாடுதான்னு கேட்ட பிறகு உள்ள தள்ளுங்க.

கம்பிவளை:
நசுங்கலுக்கு நானும் பொறுப்பு. பள்ளம் வெட்டாமல் முயல வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது செட் வெளியே இருக்கிறதே, ஸ்பிரிங்கின் அளவை எடுத்து எழுதுங்கள். அடுத்தவருக்குப் பள்ளம் எங்கே வெட்டுவது என்று தெரிந்துவிடும்.

நாலுதுளை:
நான்கும் பாடுகின்றன. செட்டை இன்னும் தள்ளவில்லை, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறேன்.