குளிரா, காற்றா, ஈரமா: ஜனவரி பிளேஆஃப் ஆட்டங்கள் பற்றிய அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

ஜனவரி பிறந்தால் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) பேச்சோடு டிகிரிக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். "மைனஸ் இருபதாமே, பந்தை எப்படி எறிவார்கள்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எனக்கு அந்த எண் பெரிதில்லை. முதலில் காற்றைப் பாருங்கள், அடுத்து ஈரத்தைப் பாருங்கள், குளிரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குப் பஃபலோவே சாட்சி. 2021 டிசம்பர் 6 அன்று பேட்ரியட்ஸ் அங்கே வந்து ஊர் அணியான பில்ஸை 14-10 என்று வென்றது. அது பிளேஆஃபுக்கு முந்தைய வழக்கமான லீக் ஆட்டம். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டி வீசிய காற்றில் பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மேக் ஜோன்ஸ் ஆட்டம் முழுக்க மூன்றே மூன்று முறைதான் பந்தை எறிந்தார். சரியாக 40 நாள் கழித்து, 2022 ஜனவரி 15 அன்று, அதே மைதானத்தில் அதே இரு அணிகளும் பிளேஆஃபில் மோதின. வெப்பநிலை 7 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 14 செல்சியஸ். முதல் ஆட்டத்தைவிடக் கடுங்குளிர், ஆனால் காற்று அடங்கியிருந்தது. பில்ஸ் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் 25 முறை எறிந்து 21 முறை சக வீரர் கையில் சேர்த்தார், 5 டச்டவுன் (பந்தை எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளி). பில்ஸ் தன் முதல் ஏழு முயற்சிகளிலும் டச்டவுன் அடித்து 47-17 என்று முடித்தது. குளிர்தான் எறிதலைக் கெடுக்கும் என்றால் இந்த ஸ்கோர் வந்திருக்கவே கூடாது.

ஆர்ச்சர்ட் பார்க்கில் இருந்த அந்தப் பழைய மைதானத்தின் அமைப்பும் ஒரு காரணம். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிக் கட்டியது. அதன் நீளவாட்டம் ஏரிக்காற்று வரும் திசையோடு ஒத்துப்போகும். உள்ளே இறங்கும் காற்று நேராகப் போகாமல் சுழலும். கோல் கம்பத்தின் உச்சியில் கட்டிய ரிப்பன் ஒரு பக்கம் பறக்கும், கொடிக்கம்பம் வேறு பக்கம் காட்டும். பந்தை உதைக்கும் கிக்கர் எதை நம்புவார்?

உங்களுக்குத் தெரிந்த ஆட்டங்களையும் காரணங்களையும் எழுதுங்கள். நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கான யோசனைகளும் வரட்டும்.

பதில்

காற்று முதலில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளிரைக் கடைசிக்குத் தள்ள மனம் வரவில்லை, ஏனென்றால் அது பந்தையே மாற்றிவிடுகிறது.

கணக்கு எளிது. விதிப்படி பந்தின் அழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). இதை அளப்பது வெதுவெதுப்பான அறைக்குள். 21 டிகிரி செல்சியஸில் 13 பிஎஸ்ஐ வைத்த பந்தை எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7ஐச் சேர்த்தால் மொத்தம் 27.7. அந்தப் பந்து மைனஸ் 20 டிகிரிக்கு வந்ததும், கெல்வினில் 294 என்பது 253 ஆகிறது. 27.7ஐ 253ஆல் பெருக்கி 294ஆல் வகுத்தால் 23.8. அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் மிஞ்சுவது 9.1 பிஎஸ்ஐ. யாரும் காற்றைப் பிடுங்கவில்லை, ஆனாலும் ஏறத்தாழ நான்கு பிஎஸ்ஐ போய்விட்டது.

அழுத்தம் குறைந்தால் பந்து மெத்தென்று ஆகும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. தோல் விறைத்து, உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையும் துள்ளலை இழந்துவிடும். உதைத்தால் கல்லை உதைத்தது போல இருக்கும். அதோடு மைனஸ் 20இல் காற்றின் அடர்த்தி அறைவெப்பத்தில் இருப்பதைவிட 16 சதவீதம் கூடுதல். துள்ளலும் குறைவு, தடையும் அதிகம் என்பதால் நெடுந்தூர உதையில் பல கஜம் குறையும். 50 கஜத்தில் சாதாரணமாக ஃபீல்ட் கோல் (கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடிக்கிறவரைக்கூட இந்த நாளில் அனுப்பப் பயிற்சியாளர் தயங்குவது இதனால்தான். பந்தை ஹீட்டரில் காட்டிச் சூடேற்றலாமா என்றால், விதி அனுமதிக்காது.

பதில்

ஈரத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. சுழியத்துக்கு அருகே, பனி விழுந்து உருகும் நாள்தான் கைக்கு மிக மோசம். மைனஸ் 15இல் பனி வறண்ட மாவு மாதிரி, தட்டினால் உதிர்ந்துவிடும். பந்து நனையாது.

பனி என்றால் தாக்கும் அணிக்குத்தான் நட்டம் என்பதும் பாதி உண்மைதான். ஓடுகிறவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும். தடுப்பவர் அதைப் பார்த்த பிறகுதான் திரும்ப முடியும். அந்த அரை நொடியில் கால் வழுக்கிவிடும். 2025 ஜனவரி 19 அன்று ஃபிலடெல்ஃபியாவில் கொட்டிய பனியில் சாக்வான் பார்க்லி ராம்ஸுக்கு எதிராக 205 கஜம் ஓடினார். ஒரு டச்டவுன் 62 கஜம், இன்னொன்று 78 கஜம். அவருடைய அணியான ஈகிள்ஸ் 28-22 என்று வென்றது.

பதில்

தரையை மறந்துவிடாதீர்கள். 1967 டிசம்பர் 31, கிரீன் பேயில் பேக்கர்ஸின் மைதானமான லாம்போ ஃபீல்ட், 'ஐஸ் பௌல்' என்று பெயர் பெற்ற ஆட்டம். மைனஸ் 13 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 25 செல்சியஸ். பேக்கர்ஸ் 21, கௌபாய்ஸ் 17. இந்த ஆட்டத்தைக் குளிரின் கதையாகவே சொல்கிறார்கள். உண்மையில் அது ஈரத்தின் கதையும்கூட.

பேக்கர்ஸ் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி அந்த ஆண்டுதான் மைதானத்தின் அடியில் மின்கம்பிச் சூடேற்றி பதித்திருந்தார். செலவு 80,000 டாலர். மேலே தார்ப்பாய் போட்டு மூடி, கீழிருந்து சூடு கொடுத்தார்கள். மண்ணிலிருந்து எழுந்த நீராவி போக வழியின்றித் தார்ப்பாயின் அடியிலேயே தங்கி, புல் நனைந்து கிடந்தது. ஆட்டத்துக்காகத் தார்ப்பாயை உருவியதும் அந்த ஈரம் மைனஸ் 25 டிகிரிக் காற்றில் பட்டு உறைந்து கண்ணாடியாகிவிட்டது. நடுவர்களின் உலோக விசில்களும் உறைந்துபோக, வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நடத்தினார்கள். கடைசி 16 நொடி இருக்கும்போது பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே முட்டிக்கொண்டு உள்ளே போனதற்கும் இதுதான் காரணம். பந்தை வாங்கி ஓடுகிறவருக்கு இரண்டு மூன்று எட்டு ஓடிவர வேண்டும், அந்தத் தரையில் கால் நிற்கவில்லை. குவார்ட்டர்பேக்குக்கு ஓரடி போதும்.

இப்போது லாம்போவில் புல்லுக்குக் கீழே குழாய்களில் உறையாத திரவத்தைச் சூடாக்கி ஓடவிடுகிறார்கள். மண் உறையாமல் வைத்திருப்பதுதான் நோக்கம்.

காலணி பற்றியும் ஒரு வரி. உறைந்த தரையில் நீள ஆணி வைத்த ஷூ குத்தி நிற்காது, ஆணி முனையில் நின்று வழுக்கும். தட்டையான ரப்பர் அடிதான் பிடிக்கும். 1934 இறுதியாட்டத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் பாதி நேரத்தில் 10-3 என்று பின்தங்கியிருந்தது. மன்ஹாட்டன் கல்லூரியிலிருந்து வாங்கிவந்த கூடைப்பந்து ஷூக்களை மாட்டிக்கொண்டு இறங்கி, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 27 புள்ளி எடுத்துப் பேர்ஸை 30-13 என்று வென்றது.

பதில்

நேரில் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மூன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது நடப்பதைப் போலவோ ஓடுவதைப் போலவோ அல்ல. பனிச்சறுக்குக்கு வாங்கிய உடை போதும் என்று நினைக்காதீர்கள்.

முதல் எதிரி காலடியில் இருக்கும் சிமெண்ட். உடலில் எத்தனை அடுக்கு போட்டாலும் அது பாதத்தின் வழியே சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு மடிப்பு நெளி அட்டை அல்லது ஓரங்குல ஃபோம் துண்டு ஒன்றைக் காலுக்கடியில் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கிரீன் பேயில் இது பழைய வழக்கம். அலுமினியப் பெஞ்சாக இருந்தால் உட்கார ஒரு மெத்தை வேண்டும். எதை உள்ளே விடுவார்கள் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் செய்யும் தவறு, இருக்கிற ஷூவுக்குள் மூன்று சாக்ஸைத் திணிப்பது. ஷூ இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டு, ஒரு சாக்ஸ் போட்டவரைவிட முன்னதாகவே விரல் மரத்துவிடும். ஓரளவு பெரிய பூட்ஸ், உள்ளே மெல்லிய சாக்ஸ் ஒன்று, மேலே கனமான கம்பளி சாக்ஸ் ஒன்று. விரல்களை உள்ளே தாராளமாக ஆட்ட முடிய வேண்டும்.

கையைச் சூடாக்கும் பொட்டலங்கள் பற்றி நிறையப் புகார் கேட்கிறேன், "பாதியிலேயே செத்துவிட்டது" என்று. அதற்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. துருப்பிடிக்கக் காற்று வேண்டும். கைக்கான பொட்டலத்தைப் பூட்ஸுக்குள் போட்டால் காற்றில்லாமல் அணைந்துவிடும். விரலுக்கென்று தனியாக ஒட்டும் வகை உண்டு, அது குறைந்த காற்றிலும் வேலை செய்யும். சாக்ஸின் வெளிப்புறத்தில்தான் ஒட்ட வேண்டும், தோலின் மேல் கூடாது. எந்த வகையானாலும் மைதான வாசலில் நிற்கும்போதே, 15 அல்லது 20 நிமிடம் முன்னதாகப் பிரித்துவிடுங்கள். சூடு தணிந்தால் வெளியே எடுத்து நன்றாக உலுக்கினால் மறுபடி பிடிக்கும்.

மேலுடம்புக்கு: தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஒன்று. பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டியிலிருந்து இருக்கைக்கு நடக்கையில் ஜாக்கெட்டைத் திறந்தே வைத்திருங்கள். நடந்த சூட்டில் வியர்த்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டாம் கால்பகுதியில் நடுக்கம் வரும். ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் மேல். கழுத்தையும் மூக்கையும் மூடும் துணி மூச்சின் ஈரத்தில் நனைந்து விறைத்துவிடும், மாற்றாக இன்னொன்றைப் பையில் வையுங்கள்.

நுழைவுச்சீட்டு இப்போது கைபேசியில்தான். குளிரில் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். வாசலுக்கு வரும்வரை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

மது உடம்பைச் சூடாக்குவதாகத் தோன்றுவது தோலுக்கு அருகே உள்ள ரத்தக்குழாய்கள் விரிவதால். உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. சூப் குடியுங்கள்.

பதில்

மேலே சொன்னதோடு ஒன்று. ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் சமைக்கிறவர்கள் வீட்டில் தோசைக்கும் டீக்கும் வைத்திருக்கும் சின்ன பியூட்டேன் கேன் அடுப்பை எடுத்துப் போகாதீர்கள். பியூட்டேன் சுழியத்துக்குக் கொஞ்சம் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும், அடுப்பு பற்றாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும்.

பதில்

பஃபலோ பேச்சு வந்ததால் ஏரிப்பனி பற்றி. ஈரி ஏரி மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. காற்று அந்த நீளவாட்டில் வந்தால் ஏரியின் முழு நீளத்துக்கும் ஈரத்தை அள்ளிக்கொண்டு பஃபலோ பக்கம் கொட்டும். ஏரி நீருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றுக்கும் 13 டிகிரி செல்சியஸாவது வித்தியாசம் இருந்தால் பனி கொட்டும் மேகப் பட்டை உருவாகும். பட்டை குறுகலானது. ஓர் ஊரில் கதவு திறக்க முடியாது, பக்கத்து ஊரில் வெயில் அடிக்கும். காற்று சில டிகிரி திரும்பினால் பட்டையும் நகர்ந்துவிடும் என்பதால் முன்னறிவிப்பைக் கடைசி நாள்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆழம் குறைந்த ஏரி, சீக்கிரம் உறையும். உறைந்துவிட்டால் ஏரிப்பனி குறைந்துவிடும்.

2024இல் பஃபலோவில் பில்ஸுக்கு ஸ்டீலர்ஸ் உடனான ஆட்டம் ஜனவரி 14 ஞாயிறு நடக்க வேண்டியது, இந்தப் பனியால் திங்கள் மாலைக்குத் தள்ளிப்போனது. மணிக்கு 20 டாலர் கொடுத்துப் பனி வாரப் பொதுமக்களைக் கூப்பிட்டார்கள். அப்படியும் இருக்கைகள் முழுதாகத் தெரியவில்லை. தள்ளிவைத்தது சரியான முடிவு என்பேன். சாலையில் போக முடியாத நாளில் ஆட்டம் நடத்தி என்ன பயன்?

பதில்

எல்லாவற்றுக்கும் குளிரைச் சொல்லாதீர்கள் என்பதற்கு 2016 ஜனவரி 10 மினியாபொலிஸ் ஆட்டம். மைனஸ் 6 ஃபாரன்ஹீட். வைகிங்ஸ் 9, சீஹாக்ஸ் 10. இன்னும் 22 நொடி. வைகிங்ஸ் கிக்கர் பிளேர் வால்ஷுக்கு 27 கஜ உதை. அன்று வைகிங்ஸின் 9 புள்ளியும் அவர் காலில் வந்ததுதான், அதில் ஒன்று 47 கஜம். அதே குளிரில், அதே கல் மாதிரிப் பந்தில். கடைசி உதையில் பந்தைப் பிடித்து வைத்தவர் தையலைக் கோலைப் பார்க்கத் திருப்பவில்லை, அது கிக்கரைப் பார்த்து நின்றது. பந்து இடதுபுறம் போய்விட்டது. இடறியது ஒரு சிறு வேலை. விறைத்த விரலால் பந்தைச் சுழற்றி வைப்பது கடினம் என்பது சரி, ஆனால் கிக்கரை மட்டும் குறை சொன்னது நியாயமில்லை.

பதில்

கூரை போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கிறவர்களுக்கு: இறுதியாட்டமான சூப்பர் பௌல் ஏற்கெனவே சூடான ஊரிலோ கூரைக்கடியிலோதான் நடக்கிறது. 2014 பிப்ரவரி 2 அன்று மட்டும் நியூ ஜெர்சியில் குளிர் ஊரின் திறந்தவெளியில் வைத்தார்கள். ஆட்டத்தின்போது 49 ஃபாரன்ஹீட், மறுநாள்தான் பனிப்புயல். அதற்கு முந்தைய பிளேஆஃப் சுற்றுகள் சொந்த மைதானத்தில் நடக்க வேண்டும் என்பதே என் கட்சி. செப்டம்பரிலிருந்து வென்று முதலிடம் பிடித்த அணிக்குத் தன் ஊரின் வானிலையும் பரிசின் ஒரு பகுதி.

ஆனால் பார்வையாளர் விஷயத்தில் அப்படிப் பேச மாட்டேன். 2024 ஜனவரி 13 அன்று கான்சஸ் சிட்டியில் சீஃப்ஸ் 26, டால்ஃபின்ஸ் 7. மைனஸ் 4 ஃபாரன்ஹீட், காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 27. சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் தலைக்கவசமே உடைந்து ஒரு துண்டு பறந்தது. வீரருக்குச் சூடான பெஞ்சும் ஹீட்டரும் உண்டு. மேல்தட்டில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குளிர்நாட்களில் ஃபிராஸ்ட்பைட்டுக்கு (தோலும் சதையும் உறைந்து கெடுவது) ஆளாகி விரல்களை இழந்தவர்களில் ஆட்டம் பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள். அந்த அளவில் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். இப்படிப்பட்ட நாளில் ஆட்டத்தைப் பகல் 12 மணிக்கு மாற்றுவது ஒளிபரப்புக்காரர்களுக்குச் சிரமம் என்றாலும் மாற்றத்தான் வேண்டும்.

பதில்

அப்படி மரத்துப்போனால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. விரலோ மூக்கு நுனியோ வெளிறி, மெழுகு மாதிரி ஆகி, தொட்டால் உணர்வு இல்லையென்றால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் உள்ளே சூடான இடத்துக்குப் போய்விடுங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். ஹீட்டரிலோ நெருப்பிலோ காட்டக் கூடாது, உணர்வில்லாத தோல் சுடுவது தெரியாமலே வெந்துவிடும். 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூழ்க வையுங்கள். மரக்காத இன்னொருவர் கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். உணர்வு திரும்பும்போது நன்றாக வலிக்கும். திரும்பவும் குளிருக்குள் நடந்து வண்டிக்குப் போக வேண்டியிருந்தால் வெந்நீரில் வைக்காதீர்கள், உருகி மறுபடி உறைந்தால் சேதம் கூடும். முதலில் மைதானத்தின் முதலுதவி அறை, கொப்புளம் வந்தாலோ நிறம் திரும்பாவிட்டாலோ நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு.