மறு: ரிசர்வாயர் என்றால் நீர்த்தேக்கமா?

> ‘சுண்ணாம்புக்கல் நீர்த்தேக்கத்தில் இயற்கை எரிவாயு’ என்றே போட்டுவிடலாமே ஐயா? ரிசர்வாயருக்கு அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.

தம்பி, வணக்கம்.

வேண்டாம். வில்லியனூர்க்காரனான எனக்கு நீர்த்தேக்கம் என்றதும் ஊசுட்டேரிதான் கண்ணில் நிற்கும். கடலூர்க்காரரான உங்களுக்கு வீராணம். படிப்பவர் ஏரிக்கடியில் வாயு எடுப்பதாக நினைத்துக்கொள்வார். பூமிக்கடியில் தொட்டியும் இல்லை, குளமும் இல்லை. வெறும் கல், அதன் சந்துபொந்துகளில் வாயு.

என் மேசையில் சேதராப்பட்டுப் பக்கம் பொறுக்கிய சுண்ணாம்புக்கல் ஒன்று கிடக்கிறது, சிப்பி பதிந்தது. நேற்று அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். சிப்பி கரைந்துபோன குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. அரை விரல் தள்ளி ஒரு வெடிப்பு. அதில் விட்டதும் காணாமல் போயிற்று. சுண்ணாம்புக்கல்லின் தொல்லையே இதுதான். குழி பெரிதாக இருக்கும், வழி இருக்காது. அதனால்தான் ஒரு வாயுக் கிணறு பொங்க, பக்கத்துக் கிணறு ஏமாற்றிவிடும்.

ரிசர்வாயருக்கு நான் சொல்வது ‘கொள்பாறை’. கொள்கலன், கொள்ளளவு எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் புழங்குபவை. வாயு உருவாவது மூலப்பாறை, வந்து தங்குவது கொள்பாறை, மேலே கசியவிடாமல் அடைப்பது மூடுபாறை. ‘தேக்கப்பாறை’ என்று வைக்கலாமே என்று கேட்டவருக்கு: சரக்குத் தேக்கம், பணித் தேக்கம் எல்லாம் குறுக்கே வருகின்றன. ‘மும்பைக்கு மேற்கே கடலில் 1976இல் கண்டறிந்த பாசீன் வாயு வயலின் கொள்பாறை சுண்ணாம்புக்கல்.’ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கும் இடறவில்லை.

குழிக்குப் ‘புரை’ போதும். கண்புரை ஞாபகம் வருமே என்பீர்கள், வரட்டும். இன்னொன்று: வாயு வர வழி திறக்கக் கிணற்றுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்துவார்கள், பெரும்பாலும் 15 விழுக்காட்டுக் கரைசல். அது கல்லைச் சீராக அரிக்காது. புழு குடைந்தாற்போல் கிளை கிளையாக ஓடும். அதைப் ‘புரையோடல்’ எனலாமா?

> ஐயா, கொள்பாறைக்கு என் கையும் தூக்கியாயிற்று. ஆனால் புரையோடியது என்றால் எங்கள் வீட்டில் சீழ் பிடித்த புண்ணைத்தான் சொல்வார்கள். இங்கே வாயு வர வழி திறக்கிறோம். ‘புரைவழி’ என்று வைத்தால்? ‘அமிலம் விட்டதும் புரைவழி விழுந்தது’ என்று எழுதலாம்.

தம்பி, புரைவழி நன்றாக இருக்கிறது. புரையோடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.