நியர் மிஸ்: 'நெருங்கிய தவறு' வேண்டாமே

> நியர் மிஸ் = நெருங்கிய தவறு / தப்பிய விபத்து. இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிடலாமா?

நண்பர்களே,

காயமோ சேதமோ ஆகியிருக்க வேண்டியது, ஒன்றும் ஆகாமல் போவதைத்தான் ஆலைகளில் 'நியர் மிஸ்' என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல்லாக மேலே கேட்ட இரண்டில் முதலாவது கண்டிப்பாக வேண்டாம். ஆலைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கிறவன் நான். ஒருமுறை 'நெருங்கிய தவறு அறிக்கை' என்று தலைப்பிட்ட படிவத்தைத்தான் கொடுத்து அனுப்பினார்கள். வகுப்பில் அதைக் கொடுத்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு ஃபிட்டர் கேட்டார்: "யாரோட தவறுங்க?"

அதற்கு முந்தின வாரம் சாரத்தின் மேலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவி, அவர் நின்றிருந்த இடத்திலேயே விழுந்திருந்தது. தண்ணீர் குடிக்க அவர் நகர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. தரையில் சிமெண்ட் பெயர்ந்த தடத்தைக் காட்டினார். ஆனால் எழுத மாட்டேன் என்றார். எழுதினால் மேலே வேலை பார்த்த பையனைப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். அவர்மேல் குறை சொல்ல முடியுமா? நாம் வைத்த பெயர் அப்படி.

ஆங்கில 'மிஸ்' இங்கே குறி தவறியதைச் சொல்கிறது. தமிழில் 'தவறு' தனியாக நின்றால் குற்றம்தான். 'தப்பு'க்கும் அதே வியாதி. 'தப்பிய விபத்து' எழுத்தில் அழகாக இருக்கும், வாயில் 'தப்பு' என்று சுருங்கிவிடும். அதோடு, ஆளே இல்லாத இடத்தில் கிரேன் கயிறு அறுந்து பாரம் விழுந்தாலும் நியர் மிஸ்தான். அங்கே தப்பியது யார்?

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கலாம். ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும் காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருப்பதாக 1931-ல் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் ஹைன்ரிச் எழுதினார். 1969-ல் அதே துறையின் ஃபிராங்க் பேர்ட் அதை 1-10-30-600 ஆக்கினார்: ஒரு பெருங்காயம், 10 சிறு காயங்கள், 30 பொருட்சேதங்கள், 600 நியர் மிஸ்கள். இந்த எண்களை நான் அப்படியே நம்புவதில்லை, தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனால் அந்தக் கடைசி 600 காகிதத்துக்கு வந்தால்தான், சாரத்தின் ஓரத்தில் பொருள் விழாமல் தடுக்கும் பலகை இல்லை என்பதே நிர்வாகத்துக்குத் தெரியவரும்.

'விபத்து' என்ற சொல்லையும் தவிர்க்கலாம் என்பது என் எண்ணம். பணியிடப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 45001 (2018) 'இன்சிடென்ட்' என்பதைப் பொதுச்சொல்லாக வைத்திருக்கிறது. காயம் ஏற்பட்டதும் அதற்குள் வரும், ஏற்படாமல் போனதும் வரும். ஆகவே 'நிகழ்வு' போதும்.

ஜப்பானியர்கள் இதற்கு 'ஹியாரி ஹத்தோ' என்கிறார்கள். உடம்பு சில்லிட்டு, திடுக்கிட்டுப் போவதுதான் அதன் பொருள். குற்றம் யாருடையது என்ற பேச்சே இல்லை. நம்மிடம் 'பகீர்' இருக்கிறதே என்று தோன்றியது. வகுப்பில் "கடைசியா எப்போ பகீர்னு இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், கதை கதையாய்க் கொட்டும். ஆனால் 'பகீர் பதிவேடு' என்று அட்டையில் போட்டால் எந்த மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அதில் தலைப்பாகை போய்விடுகிறது. பேர்ட் கணக்கில் அது பொருட்சேதம் என்ற 30-ல் சேரும், 600-ல் சேராது!

சரி, என் பரிந்துரை: நூலிழை நிகழ்வு. 'நூலிழையில் தப்பினார்' என்று எல்லோரும் சொல்வதுதான். நூலிழை அறிக்கை, நூலிழைப் பதிவேடு என்று ஒட்டும். "இன்னைக்கு ஒரு நூலிழைங்க" என்று சூப்பர்வைசரிடம் தயங்காமல் சொல்லலாம்.

ஒரே சிக்கல் நூற்பாலை. அங்கே நூலிழை அறுவது ஷிப்டுக்குப் பல தடவை நடக்கிற சங்கதி. 'மயிரிழை' என்று மாற்றினால் வகுப்பு சிரித்தே முடிந்துவிடும். நூற்பாலைகளில் பயிற்சி எடுக்கிறவர்கள் குழுவில் யாராவது இருந்தால், அங்கே என்ன சொல்லிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.