மரபை மதிக்கும் தன்பாலீர்ப்பாளருக்குக் கட்சியில் இடம் உண்டா?

கேள்வி:
தோப்பறை எனும் தோல் தண்ணீர்ப்பை சுமந்து அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடனை ஆண்டுதோறும் செலுத்தும் நான், தன்பாலீர்ப்பாளன். பக்தியையும் குடும்பத்தையும் போற்றும் கட்சியில் உழைக்க விரும்புகிறேன். வெளிநாடுகளில் இத்தகையோர் எவ்வாறு நிலைத்தார்கள்?

பதில் 1:
கலிபோர்னியாவில், தன்பாலீர்ப்பு ஆசிரியர்களைப் பணிநீக்க வழிசெய்த 1978-ஆம் ஆண்டின் பிரிக்ஸ் முன்மொழிவை எதிர்த்துத் திரண்டவர்களிடமிருந்தே, அமெரிக்கக் குடியரசுக் கட்சி சார்ந்த தன்பாலீர்ப்பாளர்களின் லாக் கேபின் அமைப்பு உருவானது. பின்னாளில் அதிபரான அக்கட்சியின் ரீகனும் அந்த முன்மொழிவை எதிர்த்தார். ஆயினும் 1995-இல் அவ்வமைப்பு தந்த 1,000 டாலர் நன்கொடையைப் அதே கட்சியில் அதிபர் வேட்பாளராக முயன்ற பாப் டோலின் பிரசாரக் குழு திருப்பியனுப்பியது. உழைப்பை ஏற்று உழைத்தவரை மறுப்பது அநீதி.

பதில் 2:
பிரிட்டனில் 2013-இல் பழமைவாதக் கட்சிப் பிரதமர் கேமரூனின் அரசு தன்பால் திருமண மசோதாவைக் கொண்டுவந்தபோது, அவரது கட்சியினரில் எதிர்த்து வாக்களித்தவர்களே அதிகம்.

பதில் 3:
தம்பி, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரிய பெண் இணையர் நம் மதுரையிலிருந்து சென்றவர்கள்தாம். வட்டச் செயலாளரிடம் சொல்லுமுன், உங்களுடன் நிற்கக்கூடிய ஒருவரையாவது கட்சிக்குள் தேடிக்கொள்ளுங்கள்.