பனியில் நனைந்த ஆட்ட மலர்

ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் குடியேறிய பிறகு, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பழைய நுழைவுச்சீட்டுகளையும், ஆட்டத்தன்று மைதானத்தில் விற்கப்படும் சிறு இதழ்களான ஆட்ட மலர்களையும் சேர்க்கத் தொடங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன், காலமான தந்தையின் வீட்டுப் பொருள்களை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், பாடப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்த ஒரு மலரை வாங்கினேன். 1950 நவம்பர் 25 அன்று கடும் பனிப்புயலுக்கு நடுவே ஓஹையோ ஸ்டேட் அணியும் மிச்சிகன் அணியும் இதே ஊரில் மோதிய ‘ஸ்னோ பௌல்’ ஆட்டத்தின் மலர் அது. கோடுகளே தெரியாத மைதானத்தில் பந்தைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து என்று கருதி, இரு அணிகளும் மொத்தம் 45 முறை அதை உதைத்து எதிரணியிடமே தள்ளின. மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறுவது) எடுக்காமல் 9–3 என வென்றது.

தாள்கள் நனைந்து உலர்ந்து பொரித்த அப்பளம்போல் நெளிந்திருந்தன; பின்களின் துரு நடுப்பக்கத்தில் இறங்கியிருந்தது. பின்னட்டையில் பென்சிலால் 9–3 என்று எழுதியபோது, ஈரத்தாளில் முனை குத்தி, மூன்றின் வால் கிழிந்திருக்கிறது. “அப்பா கோட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தாராம்” என்றார் அந்தப் பெண்மணி. சுருக்கமில்லாத பிரதிக்கு விலை அதிகம்தான். ஆனால் அந்தப் பனியை நேரில் வாங்கிய இந்தத் தாளை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

* * *

ஆட்ட மலர் பற்றிய தங்கள் பதிவைப் படித்ததும் நான் ஏமாந்த கதை நினைவுக்கு வந்தது. 1955இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, கல்லூரிக் கால்பந்து வீரர்களின் படம் போட்ட 100 அட்டைகள் கொண்ட ‘ஆல் அமெரிக்கன்’ வரிசையில், புகழ்பெற்ற பழைய வீரர் ஜிம் தோர்ப்பின் அட்டை என்று நம்பி, ஒரு கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து ஒன்றை வாங்கினேன். வீட்டில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் அது பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஒளிர்பொருள், அக்கால அட்டைகளில் பொதுவாக இருக்காது. மறுநாள் திரும்பிச் சென்றபோது விற்றவருடைய மேசை காலியாக இருந்தது. அன்றிலிருந்து விரல் நீள விளக்கு ஒன்று என் சட்டைப்பையை விட்டு நீங்குவதில்லை.

* * *

மலர் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். நெளிவை நிமிர்த்த இஸ்திரிப்பெட்டியை அருகில் கொண்டுசெல்லாதீர்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறையில் இட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். செல்லோ டேப்பின் பசை பழுப்பேறிவிடும் என்பதால், அந்த மூன்றின் வாலையும் ஒட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.