ராத்திரி 8 மணிக்கு மேல் வாலரன்ட் அறுபடுது: கம்பெனியை மாத்தணுமா, வீட்டு வைஃபையைப் பார்க்கணுமா?

ஈரோட்டுப் பையன்
வீட்டில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர். பகலில் வாலரன்ட் (ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்) நல்லா ஓடுது. ராத்திரி 8 மணிக்கு மேல் ஓடிட்டிருக்கிற ஆள் திடீர்னு பழைய இடத்துக்கே போய் நிக்கிறான், சில நாள் மேட்ச்சை விட்டே வெளியே தள்ளிடுது. பாதியில் போனா தண்டனை வேற. ஸ்பீட் டெஸ்ட் போட்டா 39 காட்டுது. கம்பெனிக்குப் போன் பண்ணினா "லைன் நல்லாத்தான் இருக்கு"ன்னு வச்சிடுறாங்க. ரௌட்டர் ஹாலில், லேப்டாப் பக்கத்து ரூமில், வைஃபை. வேற கம்பெனிக்கு மாறிடலாமா?

கனெக்‌ஷன் கதிர்
மாறிடுங்க. ஜிபான்னு சொல்ற இந்த வகை ஃபைபர்ல கம்பெனியோட ஒரு போர்ட்டை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சுக் கொடுப்பாங்க. கீழே வர்ற 2.5 ஜிபிபிஎஸ் அத்தனை பேருக்கும் பொது. அதுக்கு மேல கம்பெனி வெளியே வாங்கி வச்சிருக்கிற பேண்ட்வித்தும் மாலையானா நெரியும். பகலில் நல்லா இருந்து 8 மணிக்கு மேல் போகுதுன்னா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஸ்ப்ளைசிங் சேகர்
அந்த 8 மணி உங்க கட்சிக்கு மட்டும் சாட்சி சொல்லாது கதிர். அதே நேரத்தில்தான் அக்கம்பக்கத்து வீடுகளிலும் எல்லாரும் வைஃபையில் உட்கார்றாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11, அவ்வளவுதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மத்தது காத்திருக்கணும். புளூடூத் ஹெட்செட்டும் அதே அலைவரிசைதான்.

ஸ்பீட் டெஸ்ட்டை நம்பாதே தம்பி. அது சில விநாடிகளோட சராசரி. நடுவில் பாக்கெட் (டேட்டாவோட சின்னத் துண்டு) தொலைஞ்சாலும், அது ஓடுற டிசிபிங்கிற முறை திரும்ப வாங்கிக்கும், எண்ணில் பெருசா தெரியாது. கேம் யுடிபியில் ஓடுது, அது தொலைஞ்சதைத் திரும்பக் கேட்காது. வாலரன்ட் சர்வர் நொடிக்கு 128 தடவை கணக்குப் போடுது. அரை நொடிக்கு முன்னாடி தொலைஞ்ச பாக்கெட் இப்ப வந்து என்ன பிரயோசனம்? கேமுக்கு 1 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். அந்தக் கொஞ்சம் விட்டுப்போகாம வரணும்.

கம்பெனியை மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செய். ரெண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் திற. ஒண்ணில் ரௌட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொண்ணில் 8.8.8.8க்கு (வெளியே இருக்கிற கூகுள் சர்வர்) நிக்காம பிங் (போய் வர எவ்வளவு நேரம்னு பார்க்கிற கமாண்ட்) ஓடட்டும். கேம் ஆடு. அறுபட்ட உடனே ரெண்டையும் பார். ரௌட்டர் பிங்கே எகிறினா கோளாறு உன் வீட்டுக்குள்ள. ரௌட்டர் சரியா இருந்து 8.8.8.8 மட்டும் போனா, ரௌட்டருக்கு அந்தப் பக்கம். அப்புறம் ஒரு கேட் 5இ லேன் கேபிள் போட்டு இதையே திரும்பச் செய்.

கனெக்‌ஷன் கதிர்
கம்பெனி ஆளுங்க எல்லாரும் சொல்ற பதில்தான் இது: "உங்க வைஃபைதான் சார் பிரச்சினை." மாசாமாசம் பணம் கட்டுறவன்தான் ஒவ்வொரு தடவையும் நிரூபிக்கணுமா? தம்பி, 5 கிகாஹெர்ட்ஸா 2.4ஆ?

ஈரோட்டுப் பையன்
ரெண்டுக்கும் ஒரே பேர்தான் அண்ணா. 5ல இருக்குன்னு நினைக்கிறேன்.

ஸ்ப்ளைசிங் சேகர்
ஒரே பேர் வச்சா எதில் இருக்கேன்னு உனக்கே தெரியாது. நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு இரும்பு பீரோ இருந்தாப் போதும், லேப்டாப் 2.4க்கு இறங்கிடும். தாவுற அந்த நேரத்தில் மேட்ச் போச்சு. பேரைப் பிரிச்சு வை. 5லயும் 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ராடார் சிக்னல் தென்பட்டா ரௌட்டர் உடனே சேனலைக் காலி பண்ணியாகணும். 36 முதல் 48க்குள் ஒண்ணை நிலையா வச்சுக்க.

டிராகன்77
டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்குங்க ப்ரோ, எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

ஓப்பன்டபிள்யூஆர்டி ஆர்த்தி
டிஎன்எஸ் பேரை முகவரியாக மாத்துறதோட சரி. மேட்ச் ஓடும்போது அதுக்கு வேலையே இல்லை. யாரும் வீட்டில் மேலேத்துறதைப் பத்திக் கேட்கலையே? ராத்திரி யாராவது போன்ல போட்டோ பேக்கப் விடுறாங்களா? அப்லோடு நிரம்பினா, கேம் பாக்கெட் ரௌட்டருக்குள்ள நீளமான வரிசையில் நிக்கும். பஃபர்புளோட்னு சொல்றது இதைத்தான். இதுக்கு எழுதின எஃப்க்யூ-கோடல் முறை 2018லயே ஆர்எஃப்சி 8290 (இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம்) ஆக வந்தாச்சு. இன்னும் கம்பெனி கொடுக்கிற எத்தனையோ ரௌட்டரில் அது கிடையாதுங்கிறது எனக்கு ஆத்திரமா வருது.

கனெக்‌ஷன் கதிர்
சிஜிநாட்டை விட்டுட்டீங்க. ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் நூத்துக்கணக்கான வீடு. அதில் கனெக்‌ஷன் காலாவதியாகும்.

ஸ்ப்ளைசிங் சேகர்
நண்பரோட சேர்ந்து ரூம் ஹோஸ்ட் பண்ண முடியலைன்னா சிஜிநாட்டைச் சொல்லலாம், ஒத்துக்கிறேன். நடு மேட்ச்சில் நொடிக்குப் பல தடவை பாக்கெட் போய் வருது. யுடிபி மேப்பிங்கை (எந்த வீட்டுப் பாக்கெட்னு வச்சிருக்கிற குறிப்பை) 2 நிமிஷத்துக்குள்ள கழட்டக்கூடாதுன்னு ஆர்எஃப்சி 4787 சொல்லுது. சும்மா கிடந்தாத்தானே காலாவதி?

ஈரோட்டுப் பையன்
செஞ்சு பார்த்துட்டேன். வைஃபையில் ரௌட்டர் பிங்கே அப்பப்ப 200 தாண்டுது. கேபிளில் 1 மில்லிசெகண்ட், அசையலை. ஆனா கேபிளிலும் 8.8.8.8 ரெண்டு விதமாப் போகுது. அக்கா போன் போட்டோ ஏத்தும்போது 18ல் இருந்து 350க்கு ஏறுது, பேக்கப்பை நிறுத்தினதும் இறங்கிடுது. இன்னொண்ணு, ஒரு தடவை முழுசா நின்னுச்சு. அப்ப ரௌட்டரில் பான் (PON, ஃபைபர் லைனைக் காட்டுற) விளக்கு மினுக்கினது.

ஓப்பன்டபிள்யூஆர்டி ஆர்த்தி
350 ஏறுறது வரிசைதான். எஸ்க்யூஎம் (வரிசை நீளாம பார்த்துக்கிற வசதி) உள்ள ரௌட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டு, வேகத்தை 35 பக்கம் கட்டி வை. செலவு வேண்டாம்னா பேக்கப்பைத் தூங்குற நேரத்துக்கு மாத்தச் சொல்லு.

கனெக்‌ஷன் கதிர்
பான் விளக்கு மினுக்குதுன்னா லைனே போகுதுன்னு அர்த்தம். "லைன் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னவங்க இப்ப என்ன சொல்லுவாங்க?

ஸ்ப்ளைசிங் சேகர்
இந்த ஒண்ணில் கதிர் சொல்றது நியாயம், இது அவங்க பொறுப்பு. ஆனா கம்பெனி மாத்துற அளவுக்குப் போக வேண்டாம். பிரௌசரில் திறக்கிற ரௌட்டர் செட்டிங்ஸில் ஆப்டிக்கல் பவர் (ஃபைபரில் வர்ற ஒளியோட பலம், டிபிஎம் கணக்கில்) இருக்கும், பார்த்துச் சொல்லு. −27 டிபிஎம்முக்குக் கீழே போனா சாதாரண ஜிபான் கருவி தடுமாறும். மஞ்சள் பேட்ச் கார்டு (ரௌட்டரில் சொருகியிருக்கிற ஃபைபர் ஒயர்) எங்கேயாவது மடங்கியிருக்கான்னும் பார். கழட்டாதே, முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே பிடிக்காதே.

ஈரோட்டுப் பையன்
−28.1. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒயர் நல்லா மடங்கிக் கிடக்குது.

ஸ்ப்ளைசிங் சேகர்
மடிப்பை மெதுவா விடுவிச்சு, உள்ளங்கை அகலத்துக்கு வளையமா விடு. பவர் ஏறலைன்னா வெளியே ஸ்ப்ளைஸோ (ஃபைபர் ஒட்டு) கனெக்டரோ கெட்டிருக்கு. அதை லைன்மேன்தான் பார்க்கணும்.

கனெக்‌ஷன் கதிர்
போனில் வாயால சொல்லி விட்டுடாதே. டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கு, அதில் "−28.1 டிபிஎம், பான் விளக்கு மினுக்குது"ன்னு எழுதச் சொல்லு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. சரி பண்ணாமலே டாக்கெட்டை மூடினா மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுது. அப்படி ஒருத்தரை ஒவ்வொரு கம்பெனியும் வைக்கணும்னு டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012 விதி சொல்லுது. அப்பவும் அசையலைன்னா மாறு.

ஈரோட்டுப் பையன்
மடிப்பை எடுத்ததும் −25.6 ஆச்சு. டாக்கெட்டும் போட்டுட்டேன். லைன்மேன் நாளைக்கு வர்றாராம்.

ஸ்ப்ளைசிங் சேகர்
அவர் வேலை முடிச்சதும் அங்கேயே நின்னு பவரைப் படிச்சுக் காட்டச் சொல்லு. −22 பக்கம் வரட்டும்.