புதுப்பிப்பு: ஏபிஎஸ் விளக்கு அணைந்தது, சென்சார் நிரபராதி

வண்டி நகர்ந்ததுமே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) விளக்குகள் சேர்ந்து எரிகின்றன, ஸ்கேனரில் சி0035 (இடது முன்சக்கர வேக சென்சாருக்கான பிழைக் குறியீடு), இடது முன்சக்கரத்துக்குப் புது சென்சார் போட்டும் பயனில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி லைவ் டேட்டா (வண்டி ஓடும்போது ஸ்கேனர் காட்டும் சக்கர வேகங்கள்) பார்த்தேன். மூன்று சக்கரங்கள் மணிக்கு 25 கி.மீ. காட்ட, இடது முன்சக்கரம் மட்டும் 0. வயரிங் சரி. அப்புறம்தான் உறைத்தது: விளக்கே அந்தச் சக்கரத்தில் பேரிங் மாற்றிய மறுநாள்தானே வந்தது!

பேரிங்கின் ஒரு பக்க சீலில் (மூடியில்) காந்த வளையம் இருக்கும்; சென்சார் அதைத்தான் படிக்கிறது. பேரிங் மாற்றியவர்கள் அதைத் திருப்பிப் போட்டு அழுத்தியிருக்கிறார்கள்; வளையம் சென்சாருக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது. வெளியே எடுத்ததில் பேரிங்கும் வீண். புதியதில் குண்டூசி ஒட்டும் பக்கத்தைப் பார்த்து, அதைச் சென்சார் பக்கம் வைத்தோம். இரண்டு விளக்குகளும் போயின. சென்சார் காசுதான் தண்டம்.